மூத்தவனா, நடுவிலா, கடைக்குட்டியா? – பிறப்பு வரிசையும் நம் குணமும்



பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வாரத்தில் ஊர், பேர், பிராஞ்ச் கேட்டு முடித்ததும் அடுத்து வரும் கேள்வி, "வீட்டுக்கு நீ எத்தனாவது?" என்பதுதான். பதில் சொன்ன கையோடு கேட்டவர் ஒரு தீர்ப்பும் வழங்கிவிடுவார். "மூத்தவனா? அதான் பொறுப்பா இருக்கே." "நடுவுலயா? சரிதான், எல்லாத்துக்கும் விட்டுக்கொடுத்துப் போறே." "கடைக்குட்டியா? செல்லம்! ரெக்கார்டு நோட்டு எப்படி முடியும்?" "ஒத்தப் பிள்ளையா? அப்ப யாரோடயும் ஒட்டமாட்டியே!"

எங்கள் காவாந்தண்டலம் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் இதே விசாரணைதான். மூத்த பெண் என்றால் குடும்பம் நடத்தத் தெரிந்தவள்; கடைசிப் பெண் என்றால் அடுப்படி தெரியாதவள். பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாதி மதிப்பெண் போட்டு முடித்திருப்பார்கள்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? பிறந்த வரிசை ஒருவருடைய குணத்தை உருவாக்குகிறதா? உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது நம் அறிவையும் பழக்கத்தையும் மாற்றுகிறதா? இதை ஒன்றரை நூற்றாண்டாக உலகின் பல மூலைகளிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நமக்குப் பழக்கமான கணக்கிலும் ஒர்க்‌ஷாப் மொழியிலும் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் அல்ல. நம்மில் பலரைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் டிப்ளமோவில் சேர்த்த முடிவுக்குள்ளேயே "இவன் மூத்தவன்" என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

1. பழமொழிகள் என்ன சொல்கின்றன?

"மூத்தது மோழை, இளையது காளை" என்பார்கள். மோழை என்றால் கொம்பில்லாத மாடு. அதாவது, தலைச்சன் சாது, அடுத்தவன் முரடன். சரி என்று தலையாட்டுகிறோம். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்றும் சொல்வார்கள். இங்கே அண்ணனே போருக்குப் புறப்பட்டுவிடுகிறான்! "அஞ்சு பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி" என்று ஒரு பக்கம். "அஞ்சாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது" என்று மறுபக்கம்.

பழமொழிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அவை ஸ்பேனர் செட் மாதிரி. எந்த அளவு நட்டைக் கொடுத்தாலும் பெட்டிக்குள் அதற்கு ஒரு ஸ்பேனர் இருக்கும். காரியம் நடந்து முடிந்த பிறகு பொருத்தமானதை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். நடப்பதற்கு முன்பே சொல்லச் சொன்னால் எதை எடுப்பது என்று தெரியாது. முன்கூட்டிச் சொல்ல முடியாத விதியை அறிவியல் விதி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

2. மேதைகளின் வீட்டில்

"பெரிய மனிதர்களைப் பாருங்கள், தெரிந்துவிடும்" என்பது அடுத்த வாதம். பார்ப்போமே.

1887-ல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன் தலைப்பிள்ளை. சர் சி.வி. ராமன் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். அவருக்கு 1983-ல் நோபல் பரிசு. ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் வீட்டுக்குக் கடைக்குட்டி. முதல், இரண்டு, மூன்று, கடைசி – எல்லா இடத்திலும் மேதை இருக்கிறார்! எந்தக் கொள்கையை நிரூபிக்க வேண்டுமோ அதற்கேற்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். நான்கு உதாரணம் காட்டுவது வேறு, நிரூபிப்பது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்திரசேகர் மூன்றாவது பிள்ளை. ஆனால் முதல் ஆண் பிள்ளை. மேலே இருவரும் அக்காமார்கள். அவரை "மூத்தவர்" என்று எண்ணுவதா, "மூன்றாமவர்" என்று எண்ணுவதா? நம் வீடுகளிலும் இரண்டு அக்காவுக்குப் பிறகு பிறந்தவனை "எங்க பெரிய பையன்" என்றுதானே அறிமுகம் செய்கிறோம்? எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்ணத் தொடங்குவது இந்தத் துறையின் பழைய நோய்.

3. ஆராய்ச்சி தொடங்கிய கதை

1874-ல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் தம் நாட்டு விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் மூத்த மகன்களும் ஒரே மகன்களும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கண்டார். அவர் எண்ணியது மகன்களை மட்டும் என்பதையும், அக்காலத்து இங்கிலாந்தில் குடும்பச் சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்கே போனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சொத்து, படிப்பு, சுதந்திரம் மூன்றும் யாருக்குக் கிடைத்ததோ அவர் விஞ்ஞானி ஆனார். வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்த கால்டன் தம் வீட்டில் கடைக்குட்டி!

அடுத்து வந்தவர் வியன்னா நகர மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937). தம்பி பிறந்ததும் சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்ட ராஜா போல ஆகிவிடுகிறது மூத்த பிள்ளை. அதனால் விதிகளையும் அதிகாரத்தையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது பிள்ளை எப்போதும் முந்த ஓடுகிறது. கடைசிப் பிள்ளை செல்லத்தில் வளர்கிறது. இவ்வாறு அவர் கூறினார். அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை. இன்று வார இதழ்களில் வரும் "நீங்கள் எத்தனையாவது? உங்கள் குணம் இதோ!" வகைக் கட்டுரைகளின் ஊற்று இவரே.

1996-ல் அமெரிக்காவின் பிராங்க் சல்லோவே, "புதிய கொள்கைகளை ஏற்றுப் புரட்சி செய்பவர்கள் பின்னால் பிறந்தவர்களே" என்று ஒரு தடித்த நூலே எழுதினார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்த டார்வின் அவருக்குப் பிடித்த உதாரணம். புத்தகம் பரபரப்பாகப் பேசப்பட்டது. பரபரப்பும் நிரூபணமும் ஒன்றல்லவே!

4. இரண்டு கண்கட்டு வித்தைகள்

முதல் வித்தை, எண்ணிக்கை. நம் வகுப்பில் "மூத்தவர்கள் கை தூக்குங்கள்" என்றால் பாதிக்கு மேல் கைகள் எழும். "பார்த்தாயா, மூத்தவர்கள்தான் படிக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீட்டில் ஒரு பிள்ளை, நான்கு வீட்டில் இரண்டு, இரண்டு வீட்டில் மூன்று. மொத்தம் 4 + 8 + 6 = 18 பிள்ளைகள். இதில் முதல் பிள்ளைகள் 10, இரண்டாவது 6, மூன்றாவது 2. கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டாலும் அவர் முதல் பிள்ளையாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் முதல் பிள்ளை உண்டு. மூன்றாவது எல்லா வீட்டிலும் இல்லை. இதில் திறமைக்கு என்ன சம்பந்தம்?

இரண்டாவது வித்தை, வயது. அண்ணனுக்கு 20, தம்பிக்கு 15. அண்ணன் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிறான், தம்பி திரும்புவதில்லை. "மூத்தவன் பொறுப்பு, சின்னவன் விளையாட்டு" என்று வீடே முடிவு கட்டுகிறது. ஆனால் அதே அண்ணன் 15 வயதில் எப்படி இருந்தான் என்று அம்மாவைக் கேளுங்கள்! வயது ஏற ஏறப் பொறுப்பு கூடுவது மனித இயல்பு. எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் அண்ணன் தம்பியைவிட மூத்தவனாகவே இருப்பான். ஆகவே வயதின் பலனை வரிசையின் பலன் என்று நாம் தினந்தோறும் தவறாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கை எல்லா நாட்டிலும் சாகாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம் என்பது என் கருத்து.

5. பெரிய கணக்கெடுப்புகள் சொல்வது

1973-ல் நெதர்லாந்தில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த சுமார் 4 லட்சம் 19 வயது இளைஞர்களின் அறிவுத் தேர்வு மதிப்பெண்களை பெல்மான்ட், மரோலா என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். குடும்பம் பெரிதாகப் பெரிதாகச் சராசரி இறங்கியது. ஒரே அளவுள்ள குடும்பங்களுக்குள்ளும் பின்னால் பிறந்தவர்களின் சராசரி சற்றுக் குறைவாக இருந்தது.

ஆனால் பெரிய குடும்பங்களும் சிறிய குடும்பங்களும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் மட்டுமா வேறுபடுகின்றன? வருமானம், தாயின் படிப்பு, குடியிருக்கும் இடம் எல்லாமே வேறு. இரண்டு வேறு ஃபவுண்டரியில் வார்த்த இரும்பை ஒப்பிட்டுவிட்டு லேத்தைக் குறை சொல்வது போன்றதுதான் இது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிட வேண்டும் என்று 2000-ல் ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் வலியுறுத்தினார்கள். பெரிய குடும்பம் என்பதே பிள்ளையின் அறிவைக் குறைத்துவிடுவதில்லை என்பது அவர்கள் முடிவு.

2015-ல் ஜெர்மனியின் யூலியா ரோரரும் இருவரும் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். கலகலப்பு, மன உறுதி, இணங்கிப் போதல், பொறுப்புணர்ச்சி, கற்பனை ஆகியவற்றில் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடே தென்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் 3.77 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விவரங்களைப் பார்த்த இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. இருந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

அப்படியானால் அறிவுத் தேர்வில்? அங்கே மட்டும் ஒரு சின்ன வேறுபாடு திரும்பத் திரும்ப வருகிறது. மூத்தவருக்கும் அடுத்தவருக்கும் சராசரியில் ஒன்று முதல் இரண்டு புள்ளி. இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஐ.கியூ. அளவையில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. இரண்டு பேட்ச் தண்டுகளைக் கடைகிறோம். ஒரு பேட்சின் சராசரி மற்றதைவிட ஒரு மயிரிழை அதிகம். ஆனால் ஒவ்வொரு பேட்சுக்குள்ளும் உள்ள சிதறல் அதைவிடப் பல மடங்கு. ஒரு தண்டைக் கையில் கொடுத்து, "இது எந்த பேட்ச்?" என்றால் எந்த இன்ஸ்பெக்டராலும் சொல்ல முடியாது. பத்து அண்ணன்–தம்பி ஜோடிகளை எடுத்தால் ஏறக்குறைய நான்கு ஜோடியில் தம்பியே மேலே இருப்பான். ஆகவே மூத்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் வேண்டாம், இளையவர்கள் தலையைத் தொங்கப் போடவும் வேண்டாம்.

6. நார்வே சொன்ன பாடம்

அந்தச் சிறு வேறுபாடாவது எங்கிருந்து வருகிறது? கருப்பையிலிருந்தா, வீட்டிலிருந்தா? இதற்கு அழகான விடை 2007-ல் நார்வேயிலிருந்து வந்தது. கிறிஸ்டென்சன், பியர்கெடால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ராணுவத் தேர்வுக்கு வந்த சுமார் 2.4 லட்சம் இளைஞர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் சராசரி வேறுபாடு சுமார் 2.3 புள்ளி. அதோடு நிறுத்தாமல், மூத்த குழந்தை சிசுவிலேயே இறந்துபோன வீடுகளைத் தனியே பிரித்தார்கள். அங்கே இரண்டாவதாகப் பிறந்து மூத்தவராக வளர்ந்தவர்களின் மதிப்பெண், முதலாமவர்களுடையதை ஒத்திருந்தது!

அதாவது, தாய் வயிற்றில் எத்தனையாவது என்பது காரணமல்ல. வீட்டில் எந்த இடத்தில் வளர்ந்தார் என்பதே காரணம். ராமானுஜனுக்குப் பின் பிறந்த குழந்தைகளும் சிசுவிலேயே இறந்தன. 1898-ல் பிறந்த தம்பி தங்கியபோது அவருக்குப் பத்து வயது. பதிவேட்டில் அவர் பல பிள்ளைகளில் முதல்வர். வாழ்ந்த வீட்டிலோ பத்து வயது வரை ஒத்தப் பிள்ளை. வரிசை எண் ஒன்று, வளர்ந்த இடம் வேறு.

வீட்டில் மூத்தவர் என்ன செய்கிறார்? தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வருகிறார். சொல்லிக் கொடுப்பவருக்குப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும் என்பது பரீட்சைக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் நண்பனுக்கு ஒரு யூனிட் நடத்தியவர்களுக்குத் தெரியும். 1975-ல் சயோன்ஸ், மார்க்கஸ் இருவரும் வகுத்த கொள்கையிலும் இந்த "சொல்லிக் கொடுக்கும் பலன்" ஒரு முக்கியமான பகுதி. கடைசிப் பிள்ளைக்கும் ஒத்தப் பிள்ளைக்கும் கீழே ஆள் இல்லை என்பதுதான் குறை என்றால், அதைத் தீர்ப்பது எளிது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும்.

குணத்தின் கதையும் இதேதான். வீட்டில் அதட்டும் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வாய் திறப்பதில்லை. வீட்டில் கொஞ்சும் கடைக்குட்டி, கல்லூரி கபடி அணிக்குக் கேப்டன். வீட்டுக்குள் நாம் ஏற்கும் வேஷம் வாசலைத் தாண்டினால் உடன் வருவதில்லை என்று ஜூடித் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1998-ல் எழுதினார். மூத்தவரின் குணம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி மூத்தவரின் வேலை.

7. குடும்பம் பெரிதா, சிறிதா?

"நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகத்தையும் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தையும் நம் பெற்றோர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் படித்து வளர்ந்தார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1992–93-ல் சுமார் 2.5, 2019–21-ல் 1.8. தாத்தா வீட்டில் எட்டுப் பேர், அப்பா வீட்டில் நான்கு பேர், நம் வீட்டில் இரண்டு பேர் என்பது நம்மில் பலரின் கதை. "நடுப்பிள்ளை" என்ற இனமே அருகி வருகிறது!

சிறிய குடும்பத்தில் ஆளுக்குக் கிடைக்கும் சோறும் பணமும் தாயின் நேரமும் கூடுதல் என்பது உண்மை. ஒத்தப் பிள்ளை கெட்டுப்போகும், சுயநலமாக வளரும் என்ற பயமோ ஆதாரமற்றது. 1986-ல் டோனி ஃபால்போ, டெனிஸ் பொலிட் இருவரும் 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகும் தன்மையில் ஒற்றைப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல என்றே தெரிந்தது.

பெரிய குடும்பத்துக்கும் ஒரு நல்ல சான்று கிடைத்திருக்கிறது. 2024 இறுதியில் கனடாவின் ஆஷ்டன், லீ இருவரும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்தோர் அதிகம் உள்ளவர்களும் நடுப்பிள்ளைகளும் நேர்மை, பணிவு, விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றில் சராசரியாகச் சற்று மேலே இருந்தார்கள். வேறுபாடு சிறியதுதான். ஒரே தட்டு முறுக்கை ஐந்து பேர் பங்கு போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2015-ல் காணாதது 2024-ல் எப்படி வந்தது என்று கேட்கலாம். முந்தைய ஆய்வு ஒரே அளவுள்ள குடும்பங்களுக்குள் மூத்தவரையும் இளையவரையும் ஒப்பிட்டது. பிந்தையது பெரிய, சிறிய குடும்பங்களையும் சேர்த்து ஒப்பிட்டது. ஒப்பிடும் முறை மாறினால் விடையும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

8. நம் நாட்டில் வரிசை எதைத் தீர்மானிக்கிறது?

குணத்தை விட்டு உடம்புக்கும் படிப்புக்கும் வாருங்கள். அங்கேதான் நம் நாட்டில் பிறப்பு வரிசை உண்மையாகவே கடிக்கிறது. 2017-ல் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியாவிலும் 25 ஆப்பிரிக்க நாடுகளிலுமாக 1.68 லட்சம் குழந்தைகளின் உயரத்தை ஒப்பிட்டார்கள். நம் முதல் பிள்ளைகள் ஆப்பிரிக்க முதல் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் அல்ல. இரண்டாவது பிள்ளையில் குறைவு தொடங்குகிறது. அடுத்தடுத்து அது கூடுகிறது. மூத்த மகன் மீதுள்ள ஆசை, அதனால் பின்னால் வரும் குழந்தைகளுக்குக் குறையும் சத்தும் கவனிப்பும் இதற்குப் பெரிய காரணம் என்றார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை இதைவிடக் கசப்பு. இரண்டாவதும் மூன்றாவதும் பெண் என்றால் "போதும்பொண்ணு" என்றும் "வேண்டாம்" என்றும் பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பிறந்த வரிசையைப் பெயராகவே சுமந்து வாழ்வது அந்தப் பெண்ணின் குணமா? 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க நேர்ந்ததே, பெண்ணாகப் பிறந்ததற்காகச் சில குழந்தைகளுக்கு உயிரே மிஞ்சவில்லை என்பதால்தான்.

வீட்டில் பங்கு சமமாக இல்லாத இடத்தில் பொதுப் பந்தி ஓரளவு சமம் செய்தது. 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவில் "நீ எத்தனாவது பிள்ளை?" என்று யாரும் கேட்டதில்லை. மூத்ததும் ஐந்தாவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அளவு சோறு தின்றன.

9. டிப்ளமோவும் பிறப்பு வரிசையும்

இனி நம் கதைக்கு வருவோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் கிராமத்து வீடுகளில் நடக்கும் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பெரியவன டிப்ளமோவுல போட்டுடலாம். மூணு வருஷம், அப்புறம் ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ கம்பெனிக்குப் போயிடுவான். அவன் கை குடுத்தா சின்னவன இன்ஜினியரிங் படிக்க வெச்சிடலாம்." பெரியவனின் மார்க் பிறகுதான் பேசப்படுகிறது. தறி வீடுகளில் மூத்த பெண்ணின் படிப்பு தம்பியின் படிப்புக்கு ஈடாகத் தறிக்குழியில் இறங்கியதும் உண்டு. பத்து வருடம் கழித்து, "பெரியவனுக்குப் படிப்பு ஏறலை, சின்னவன்தான் மூளைக்காரன்" என்று ஊர் பேசும். பணம் போன வழியை அறிவு போன வழி என்று சொல்லிவிடுகிறது ஊர்.

கலாமின் வாழ்க்கையிலும் இது தெரிகிறது. சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவருடைய அக்கா ஸோஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கடைக்குட்டியின் உயரத்துக்குப் பின்னால் ஓர் அக்காவின் கழுத்து வெறுமையாக இருந்தது. கலாம் அதை மறைக்கவில்லை. தம் நூலில் எழுதி வைத்தார்.

அரசு விதிகளிலும் வரிசை உண்டு. 2010-ல் தமிழ்நாட்டில் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை நல்ல திட்டம். ஆனால் அது வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வந்த பெண்ணுக்கு, வீட்டில் எத்தனையாவது பெண் என்று பாராமல், மாதம் ஆயிரம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. டிப்ளமோ மாணவிகளும் அதில் அடக்கம். ஒரு விதி எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு தங்கையின் வாழ்க்கை மாறுகிறது.

10. நாமே ஆராய்ந்து பார்க்கலாமா?

பாலிடெக்னிக்கிலேயே இதை ஒரு சிறு புராஜெக்டாகச் செய்யலாம். ஐந்து விதிகளை மட்டும் மறக்கக் கூடாது.

ஒன்று: எண்ணுவதற்கு முன் வரையறை. அக்காமார்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இறந்துபோன குழந்தை, தாத்தா வீட்டில் வளர்ந்த பிள்ளை, பெரியப்பா வீட்டோடு கூட்டுக் குடும்பம் – இவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போட வேண்டும்.

இரண்டு: ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. நம் நண்பர்களை மட்டும் கேட்டால் நமக்குப் பிடித்த விடையே வரும். வழி தேடி வெளிநாடு போக வேண்டாம். உத்திரமேரூருக்குப் போனால் போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் அங்கே வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறை விவரமாக இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். புள்ளியியல் பாடத்தில் வரும் "ரேண்டம் சாம்பிள்" என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

மூன்று: ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுவது. பண்ணை வீட்டு மூத்தவனையும் கூலி வீட்டு மூன்றாமவனையும் ஒப்பிட்டால் வரிசையை அளக்கவில்லை, நிலத்தை அளக்கிறோம்.

நான்கு: ஒரே வயதில் ஒப்பிடுவது. அண்ணனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும். அண்ணனின் இன்றைய பொறுப்பும் தம்பியின் இன்றைய விளையாட்டும் அல்ல.

ஐந்து: கேள்வி. "நீ பொறுப்பானவனா?" என்று கேட்காதீர்கள்; மூத்தவன் ஆம் என்றே பழக்கப்பட்டிருக்கிறான். "போன மாதம் எத்தனை லேபுக்கு லேட்டாக வந்தாய்?" என்று கேளுங்கள். தாளில் பெயர் வேண்டாம். வீட்டு விஷயம் வீட்டாருடையது.

முடிவாகச் சில சொற்கள்

ஆராய்ச்சிகளை எல்லாம் வடிகட்டினால் மிஞ்சுவது இவ்வளவுதான். பிறப்பு வரிசை நம் குணத்தில் மிகச் சிறிய தடத்தையே விடுகிறது. ஆனால் வீட்டில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு எவ்வளவு பங்கு, யார் படிப்பது, யார் நிற்பது என்பதில் அது பெரிய தடத்தை விடுகிறது. முதலாவதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

மூத்தவர்களே! டிப்ளமோ முடித்து வேலைக்குப் போவது பெருமை. ஆனால் படிக்கும் ஆசை இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு நேராகச் சேரும் வழி இருக்கிறது. "நான் மூத்தவன், எனக்கு இவ்வளவுதான்" என்று நீங்களே கதவைச் சாத்தாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சுமையை யார் யார் எவ்வளவு காலம் தாங்குவது என்று வாய்விட்டுப் பேசிய வீட்டில் மனக்கசப்பு குறைவு.

இளையவர்களே! உங்கள் கட்டணச் சீட்டில் அண்ணனின் ஓவர்டைமோ அக்காவின் கம்மலோ இருக்கலாம். அதைத் தெரிந்து வைத்திருங்கள். சம்பளம் வாங்கத் தொடங்கியதும் முதல் கேள்வியாக, "அக்கா, நீ விட்ட படிப்ப இப்போ தொடர்றியா?" என்று கேளுங்கள். நடுவில் பிறந்தவர்களே! விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் உங்கள் பங்கைக் கேட்பது தவறல்ல. ஒத்தப் பிள்ளைகளே! உங்களைப் பற்றி ஊர் சொல்வதை நம்பாதீர்கள். ஹாஸ்டல் அறை முழுக்க உங்களுக்கு உடன்பிறப்புகள் இருக்கிறார்கள்.

நாளை நாமும் பெற்றோர் ஆவோம். அன்று, "நீ பெரியவன், நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும். அப்போது ஒரு நிமிடம் நிதானித்து, எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்த்துப் பங்கு வைப்போமாக!